லாரியை முந்தும்போது ஒவ்வொரு முறையும் பதறுகிறது. பைக்கைச் சாலையில் எங்கே வைத்து, எப்படி முந்துவது?

கோளாறு பெரும்பாலும் லாரியை ஒட்டிக்கொண்டு போவதில்தான். நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். பின்கதவைத் தொடுகிற தூரத்தில் போய், எட்டிப் பார்த்து, சட்டென்று பாய்வேன். ஒரு நாள் பாதி முந்திய பிறகுதான் லாரிக்கு முன்னால் இன்னொரு லாரி போவது தெரிந்தது. நடுவில் நுழைய இடமில்லை, எதிரே கார். பிரேக் பிடித்துப் பழைய இடத்துக்கே பின்வாங்கினேன். கை நடுக்கம் அடங்க வெகு நேரமானது.

இப்போது 2 விநாடி இடைவெளி, அதாவது லாரி கடந்த இடத்தை நான் 2 விநாடி கழித்துக் கடக்கும் அளவு தூரம், விட்டே தொடர்கிறேன். தள்ளி வந்தால் லாரி சின்னதாகிவிடும், சாலை பெரிதாகிவிடும். நடுக்கோட்டுப் பக்கம் நகர்ந்தால் எதிர்வரும் வண்டி தெரியும். ஓரப் பக்கம் நகர்ந்தால் லாரியின் மறுபக்கம் வழியாக முன்னால் என்ன போகிறது என்று தெரியும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் தெரியவில்லையென்றால் அவருக்கும் நான் தெரியவில்லை.

ஒரு கணக்கு. லாரி 60 கி.மீ. வேகத்திலும் நீங்கள் 80-லும் போனால், விநாடிக்கு ஐந்தரை மீட்டர்தான் அதிகம் கடப்பீர்கள். பின்னால் விட்ட இடைவெளி, லாரியின் நீளம், முன்னால் விட வேண்டிய இடம் எல்லாம் சேர்ந்து 60 மீட்டர் என்றால் 11 விநாடி. அதற்குள் நீங்கள் 240 மீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். 80-ல் எதிரே வரும் வண்டியும் அவ்வளவு தூரம் வந்திருக்கும். ஆக, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் காலியாக இருக்க வேண்டும். சாலையைப் பார்த்து இவ்வளவு போதும் என்று நாம் நினைப்பது இதில் பாதிகூட இருக்காது!

அதனால் பார்வை தெளிந்த பிறகே, கியரைக் குறைத்துக்கொண்டு, சற்று நெருங்குவேன். கண்ணாடி, இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை. அப்புறம் வேகம் கூட்டாமல் முதலில் விலகி வருவேன். எனக்கு உண்மையிலேயே பலன் தந்தது இதுதான். லாரியின் வால் பக்கம் இருக்கும்போதே விலகிவிட்டால் முழுச் சாலையும் தெரியும். சரியில்லையென்றால் பேசாமல் உள்ளே வந்துவிடலாம். சரி என்றால் அதன் பிறகுதான் ஆக்சிலேட்டர். லாரியின் பின்னாலிருந்தே முறுக்கிக்கொண்டு வந்தால் அந்த வசதி கிடையாது.

லாரி திடீரென்று வேகம் குறைத்தால் வழிவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், திரும்பப் போகிறதாகவும் இருக்கலாம். கிளைச்சாலை எதுவும் கண்ணில் பட்டால் நான் அதைத் தாண்டும்வரை முந்துவதில்லை. நண்பர் முந்திவிட்டார் என்று பின்னாலேயே போவதும் இல்லை. அவர் பார்த்த இடைவெளி அவருக்கு மட்டும்தான்.