ஃபைட்டோஸ்டீரால் என்றால் என்ன? அதைத் 'தாவரக் கொலஸ்ட்ரால்' என்று எழுதலாமா?

எண்ணெய்ப் புட்டியின் மேல் 'ஃபைட்டோஸ்டீரால் நிறைந்தது' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அதைத் தமிழில் 'தாவரக் கொலஸ்ட்ரால்' என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபைட்டோஸ்டீரால் என்பது தாவரங்களில் கிடைக்கும், கொலஸ்ட்ராலை ஒத்த பொருள்களின் பொதுப்பெயர். அப்படிச் சொல்லக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அந்தத் தவற்றுக்கான வித்து சொல் பிறந்தபோதே விழுந்துவிட்டது.

பித்தக் கற்களில் கிடைத்த பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரூல் 'கொலஸ்டரின்' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'கோலே' பித்தம், 'ஸ்டீரியோஸ்' கெட்டியானது. அந்தப் பொருள் வேதியியல்படி ஆல்கஹால் இனத்தைச் சேர்ந்தது என்று பின்னர் தெரிந்ததால், எத்தனால், மெந்தால் என்பவற்றில் வரும் அதே ஈறு சேர்ந்து அது கொலஸ்ட்ரால் ஆயிற்று. 1878ஆம் ஆண்டில் ஹெஸ்ஸே என்ற ஜெர்மானியர், மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் அவரை விதையில் கொலஸ்ட்ராலை ஒத்த ஒரு பொருளைக் கண்டு, தாவரத்தைக் குறிக்கும் 'ஃபைட்டோ'வை முன்னால் சேர்த்து 'ஃபைட்டோஸ்டரின்' என்றார். ஆக, கொலஸ்ட்ராலைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுச் சூட்டிய பெயர்தான் இது. ஒப்புமையை ஒன்றென்று கொள்வதில்தான் நாம் வழுக்குகிறோம்.

இரண்டுக்கும் உடற்கட்டு ஒன்றே: நான்கு வளையங்கள் ஒட்டிய சட்டகம், அதிலிருந்து நீளும் ஒரு கரிம வால். இந்தக் கட்டுடைய ஆல்கஹால்களுக்கே ஸ்டீரால் என்று பெயர். வேறுபாடு பெரும்பாலும் வாலில்தான் இருக்கிறது. கொலஸ்ட்ராலில் 27 கரிம அணுக்கள், கேம்பெஸ்டீராலில் 28, சிட்டோஸ்டீராலிலும் ஸ்டிக்மாஸ்டீராலிலும் 29. பின்னவை மூன்றும் நிலத் தாவரங்களில் மிகுதியாகக் கிடைப்பவை. எனவே ஃபைட்டோஸ்டீரால் என்பது ஒரே பொருளின் பெயராக இல்லாமல், ஒரு குடும்பத்தின் பெயராகவே வழங்குகிறது. கடைச் சீட்டில் 'மீன்' என்று மட்டும் எழுதினால் சீலாவா, நகரையா என்று தெரியாததைப் போலத்தான் இதுவும். 'தாவரக் கொழுப்பு' என்று மொழிபெயர்ப்பது இன்னும் மோசம், ஏனென்றால் நாம் கொழுப்பு என்று சொல்லும் டிரைகிளிசரைடுக்கும் இதற்கும் கட்டமைப்பில் உறவே இல்லை.

சொல்லின் முன்பாதியான 'தாவரம்' என்பதற்கும் ஓர் எல்லைச் சிக்கல் உண்டு. எனக்கு அது விளங்கியது மண்டபம் பக்கத்துக் கரையில்தான். என் பெரியம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரத்தில் பாசி எடுக்கப் போனவர். அவர் கணக்கில் கட்டக்கோரை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி எல்லாமே பாசி, விலைதான் வேறு. வேதியியல் கணக்கு அப்படி இல்லை. கட்டக்கோரை பழுப்புப் பாசி. அந்த இனத்தின் முதன்மை ஸ்டீரால் ஃபுக்கோஸ்டீரால், 29 கரிம அணுக்கள் கொண்ட, ஐயத்துக்கு இடமில்லாத ஃபைட்டோஸ்டீரால். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் சேர்ந்த சிவப்புப் பாசி இனத்திலோ, பல வகைகளில் மேலோங்கி நிற்பது கொலஸ்ட்ராலேதான்! ஒருமுறை இதைச் சொன்னபோது, "அப்ப நாங்க எடுக்குறது செடியா, கறியாடா?" என்று பெரியம்மா கேட்டார். ஒளிச்சேர்க்கை செய்கிற ஒன்றில் இருப்பதெல்லாம் ஃபைட்டோஸ்டீரால் என்று கொள்ளவும் முடியாது, கொலஸ்ட்ரால் விலங்குக்கு மட்டும் உரியது என்று கொள்ளவும் முடியாது என்று அவருக்கு நீட்டி முழக்கி விளக்கியது நினைவிருக்கிறது. நிலத் தாவரங்களிலும் கொலஸ்ட்ரால் சிறிதளவு உண்டு. காளான்களில் உள்ள எர்கோஸ்டீராலை மட்டும் தனியாகப் பூஞ்சை ஸ்டீரால் என்று பிரித்துச் சொல்வார்கள்.

இனிப் பயன்பாடு. உணவியலில் இச்சொல் வரும் இடமெல்லாம் பெரும்பாலும் கொலஸ்ட்ராலைக் குறைப்பது பற்றிய பேச்சாகவே இருக்கும். குடலில் கொலஸ்ட்ரால் கரைந்து உள்ளே போவதற்குப் பித்த உப்புகளால் ஆன நுண்திரள்களில் இடம் பிடிக்க வேண்டும். உருவம் ஒத்திருப்பதால் தாவர ஸ்டீரால் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, கொலஸ்ட்ராலில் ஒரு பகுதி உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறுகிறது. உட்கார்ந்த ஸ்டீராலும் உடலில் தங்குவதில்லை. குடல் செல்கள் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தள்ளிவிடுவதால், உண்டதில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் உண்டால், 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று சொல்லப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 8 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திருப்பித் தள்ளும் இந்த ஏற்பாடு பிறவியிலேயே பழுதுபட்டவர்களும் அரிதாக உண்டு. சிட்டோஸ்டீரோலீமியா என்று 1974இல் முதலில் விவரிக்கப்பட்ட அந்த நோயில் இவை உடலில் தேங்கி இரத்தக் குழாயைக் கெடுக்கும். அவர்களுக்கு 'நிறைந்தது' என்ற அச்செழுத்தே எச்சரிக்கை.

புட்டியில் உள்ள வாசகத்தைப் பொறுத்தவரை, நல்லெண்ணெயில் தாவர ஸ்டீரால் கணிசமாக உண்டு, தேங்காய் எண்ணெயில் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஒரு நாள் முழுவதும் உண்ணும் எண்ணெய், பருப்பு, தானியம் எல்லாம் சேர்ந்தே சில நூறு மில்லிகிராம்தான் தருகின்றன. ஆய்வுகளில் கொடுத்த 2 கிராம் அதைப் போல் பல மடங்கு. தாளிக்கிற எண்ணெயை மாற்றினால் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று என் மச்சான் கேட்டபோதும் இந்தக் கணக்கைத்தான் சொல்லி, மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன்.

நீங்கள் எழுதுவது பொது வாசகருக்கு என்றால் 'தாவர ஸ்டீரால்' போதும். பன்மை தோன்ற 'தாவர ஸ்டீரால்கள்' என்றால் இன்னும் நல்லது. அறிவியல் கட்டுரை என்றால் முதல் இடத்தில் ஃபைட்டோஸ்டீரால் என்றே எழுதி, எந்த ஸ்டீரால் என்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். இரட்டைப் பிணைப்பு நீங்கி நிறைவுற்ற வகையைப் பற்றிப் பேசினால் அதற்கு 'ஸ்டானால்' என்ற தனிச் சொல் இருக்கிறது.