பெரியவர்களுக்குப் பல வருடமாக ஆங்கிலம் நடத்துபவர் டெல்டா (ஆங்கில ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜ் டிப்ளமா) படிப்பதில் பயன் உண்டா? நீலகிரியில் இருந்துகொண்டே முடிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் கோத்தகிரிக்காரர். செல்டா என்ற கேம்பிரிட்ஜின் தொடக்கநிலை ஆசிரியர் சான்றிதழை முடித்து, ஓட்டல் ஊழியர்களுக்கும் ஐஈஎல்டிஎஸ் எழுதுபவர்களுக்கும் வருடக்கணக்கில் வகுப்பு எடுத்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசிக்கிறார். நான் குன்னூரில் கிட்டத்தட்ட அதே வேலைதான் பார்க்கிறேன், டெல்டாவின் மூன்று மாட்யூலையும் வேலையை விடாமலே முடித்தேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சம்பளத்துக்காக என்றால் வேண்டாம். இங்கே எந்த ஓட்டல் முதலாளியும் உங்கள் சான்றிதழை விரித்துப் பார்க்கப் போவதில்லை. வளைகுடா நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மொழி மையம், பிரிட்டிஷ் கவுன்சில் மாதிரி இடங்கள், பிற்பாடு ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் வேலை, இப்படி மலையிறங்கும் எண்ணம் இருந்தால் அங்கே இதற்கு மதிப்பு உண்டு. இங்கேயேதான் இருக்கப் போகிறேன் என்பவர்களுக்குக் காரணம் வேறு, அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கு வழக்கு. டெல்டா கேம்பிரிட்ஜ் தரும் டிப்ளமா. பிரிட்டனின் தகுதி வரிசையில் 7ஆம் நிலை, எம்.ஏ. இருக்கும் அதே படி. படிதான் ஒன்று, படிப்பின் அளவு ஒன்றல்ல, ஆகவே 'எம்.ஏ.வுக்குச் சமம்' என்று விற்பவர்களிடம் ஜாக்கிரதை. மூன்று மாட்யூல், எந்த வரிசையிலும் எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ். முதலாவது தேர்வு: தாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று இரண்டு தாள், ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். மூன்றாவது, 4000 முதல் 4500 வார்த்தையில் ஒரு நீண்ட கட்டுரை. ஒரு வகை மாணவர்களை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு என்ன தேவை என்று ஆராய்ந்து, அதை வைத்து முழுப் பாடத்திட்டம் போட வேண்டும். ஓட்டல் ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கும் உங்களுக்கு இது அல்வா, ஆளும் தேவையும் கண் முன்னாலேயே இருக்கிறது. கட்டணம் மூன்றுக்கும் சேர்த்தால் லட்சங்களில் போகும், பவுண்டில் கட்டுவதால் அன்றைய மாற்று விலை வேறு.

என்னைக் கேட்டால் பணம் கொடுத்துப் போகவேண்டியது இரண்டாவது மாட்யூலுக்கு. நீங்கள் எடுக்கும் நான்கு பாடங்களை டியூட்டர் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார், அதில் ஒன்றுக்கு வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். இரண்டு பாடம் இலக்கணம், சொல், உச்சரிப்பு பக்கம். இரண்டு பாடம் கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது பக்கம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 2000-2500 வார்த்தையில் ஒரு எஸ்ஸே, அதோடு லெசன் பிளான், பாடம் முடிந்ததும் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று நீங்களே எழுதித் தரவேண்டும். சலிப்பு வரும், வரத்தான் செய்யும்.

ஆனால் பாடம் முடிந்து டியூட்டர் எதிரே உட்காரும் அந்த நேரம் இருக்கிறதே, அது வேறு எங்கும் கிடைக்காது. என்னுடைய ஒரு பாடம் கேட்கும் பயிற்சி. ஹோம்ஸ்டே நடத்தும் படுகர் அக்கா ஒருவர், இரண்டு டாக்ஸி அண்ணன்கள், ரிசப்ஷனில் இருக்கும் கூடலூர்ப் பிள்ளைகள், இவர்கள்தான் வகுப்பு. வெளிநாட்டு விருந்தாளி போனில் பேசும் ஒலிப்பதிவு. மூன்றாவது தடவை அதை ஓடவிட்டேன், பிளானில் இரண்டு தடவைதான் எழுதியிருந்தது. டியூட்டர் கேட்டார், ஏன் மூன்றாவது தடவை? அவர்கள் முகத்தைப் பார்த்தேன் என்றேன். முகத்தில் என்ன பார்த்தீர்கள்? அங்கே நின்றுவிட்டேன். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. யோசித்துச் சொன்னேன்: 'வாட் டைம் டு யூ வாண்ட்' என்று எழுதிக் காட்டினால் எல்லோருக்கும் தெரியும், அதையே அந்த ஆள் 'வொட்டைம்ஜவாண்ட்' என்று ஒரே மூச்சில் சொன்னபோது அக்காவின் பேனா நின்றுவிட்டது, மற்றவர்கள் அக்காவின் தாளை எட்டிப் பார்த்தார்கள். அர்த்தம் பிடிபடாத சிக்கல் இல்லை அது, ஒட்டிப் பேசும் சத்தத்தைப் பிரித்துக் கேட்கிற சிக்கல். சரி, அப்படியானால் முழுவதையும் மூன்றாவது தடவை போடுவானேன், அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப வெட்டிப் போடலாமே என்றார். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். அனுபவமுள்ள ஆசிரியரின் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும், ஏன் போனது என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் அது அத்தோடு நின்றுவிடும். இந்தக் கேள்விக்குத்தான் அவ்வளவு பணம்.

இன்னொரு சந்தோஷம், கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படிக்கப் போய் நம் பக்கத்து ஆளைச் சந்திப்பது. பணிகள் வழியாக மொழி கற்பிப்பது என்ற தலைப்பைத் திறந்தாலே ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்ந்த நம் பிரபு வந்துவிடுவார். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் என்.எஸ்.பிரபு நடத்திய திட்டம், இலக்கணத்தை நேரே நடத்தாமல் ரயில் அட்டவணை, வரைபடம் மாதிரி ஒன்றைக் கொடுத்து யோசிக்க வைப்பது. அது பள்ளிப் பிள்ளைகளுக்கு. நான் பெரியவர்களிடம் போட்டுப் பார்த்தேன்: விருந்தாளி மாலை நான்கு மணிக்குக் கோவை விமான நிலையத்தில் இறங்குகிறார், மலை ரயிலில்தான் குன்னூர் வரவேண்டும் என்கிறார், ரயிலோ மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு, என்ன செய்யச் சொல்வீர்கள்? டாக்ஸி அண்ணன் ஒருவர் ரயில் எதற்கு, நானே கூட்டிவருகிறேன் என்று ஆங்கிலத்திலேயே வாதாட ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. இரண்டாவது மாட்யூலில் இதுவரை செய்யாத ஒரு முறையைச் செய்து பார்த்து எழுதும் பகுதி ஒன்று உண்டு, அதற்கு இது பயன்பட்டது.

மாற்று வழிகளும் இருக்கின்றன. லண்டன் டிரினிட்டி கல்லூரி தரும் டிப்டீசோல் என்ற ஆசிரியர் டிப்ளமா இதே நிலைதான், அதில் உச்சரிப்பு பற்றித் தனியாக ஒரு நேர்காணல் இருக்கும், ஒலியியல் பிடிக்கும் என்றால் அதைப் பாருங்கள். ஐதராபாத் இஃப்லுவின் (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) ஆங்கிலம் கற்பிக்கும் முதுநிலை டிப்ளமா செலவில் எவ்வளவோ குறைவு, பள்ளி கல்லூரி ஆசிரியர்களுக்கு அதுதான் பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். பெரியவர்களை வைத்து வகுப்பு எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டுமானால் டெல்டாதான்.

மலையிலிருந்து செய்வது பற்றி. முதலாவதும் மூன்றாவதும் ஆன்லைனில் படித்துவிடலாம், நெட் போகும் வரும், சமாளிக்கலாம். இரண்டாவதைத் தொலைவழியில் செய்தால் கேம்பிரிட்ஜ் ஒப்புதல் தந்த உள்ளூர் டியூட்டர் வேண்டும், அவர்தான் உங்கள் வகுப்புக்கு வந்து பார்ப்பார். ஊட்டி, குன்னூரில் அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம், கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவழைக்க வேண்டியிருக்கும். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் பயிற்சி மையத்திடம் இதைத்தான் முதலில் கேளுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள். காலத்தையும் யோசியுங்கள்: ஏப்ரல், மே சீசனில் ஓட்டல் பிள்ளைகள் ஒருவர்கூட வகுப்புக்கு வர மாட்டார்கள், அக்டோபர், நவம்பரில் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் டியூட்டர் மேட்டுப்பாளையத்தோடு திரும்பிவிடுவார். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் நான்கு பாடத்தையும் வைத்துக்கொண்டால் நல்லது. முந்தைய டிசம்பரில் முதல் மாட்யூல் தேர்வை எழுதியிருந்தால் எஸ்ஸேக்குப் படிக்கவேண்டியதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கும்.