புதுக் கார்ட் வந்தால் பழைய கார்ட் மலியுமா?

கேள்வி: ஐ5 9400எஃப் புரொசெசர், எச்310 மதர்போர்ட், 450 வாட் பவர் சப்ளை, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்ட். இதுதான் என் கம்பியூட்டர். கேம் விளையாடவும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங் செய்யவும் கார்டை மாற்ற வேண்டும். 120,000 ரூபா வைத்திருக்கிறேன். காத்தான்குடியில் விசாரித்த கடையில், “அடுத்த சீரிஸ் வந்தா இதெல்லாம் விலை விழும், கொஞ்சம் பொறுங்க” என்கிறார்கள். நண்பனோ, “இப்ப எடுக்காட்டி இன்னும் ஏறும்” என்கிறான். யார் பேச்சைக் கேட்பது? (கல்முனை வாசகர்)

பதில்: கடைக்காரர் சொன்னது பாவித்த கார்டுகளுக்குப் பொருந்தும். பெட்டி உடைக்காத புதிய கார்டுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

காரணம் எளிது. அடுத்த வரிசை வருவதற்குச் சில மாதங்கள் முன்பே பழைய வரிசையின் உற்பத்தியை நிறுவனங்கள் குறைத்து, பிறகு நிறுத்திவிடும். 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்தபோது முந்தைய 40 வரிசையின் 4070, 4080 கார்டுகள் உலகச் சந்தையிலேயே தட்டுப்பாடாகிவிட்டிருந்தன. எஞ்சிய சிலவற்றை யாரும் விலை குறைத்து விற்கவில்லை. நம் பக்கத்துக் கடைகளில் நிலைமை இன்னும் இறுக்கம்: கடைக்காரரிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ, அதைக் கொழும்பிலிருந்து எந்த விலைக்கு எடுத்தாரோ அதற்குக் கீழே இறங்க அவருக்கு மனம் வராது. அதனால்தான் புது மொடல் வந்து ஒரு வருடம் ஆன பின்பும் பழைய மொடல் அதே விலைச் சீட்டோடு கண்ணாடி அலுமாரிக்குள் இருப்பதைப் பார்க்கிறோம். அதை வாங்குவது இலாபமல்ல.

புதிய கார்டுகள் உண்மையாகவே மலிந்த காலங்கள் உண்டு. 2018 இறுதியும் 2022 பிற்பகுதியும் அப்படிப்பட்டவை. இரண்டுக்கும் அடிப்படைக் காரணம் கிரிப்டோ மைனிங், அதாவது கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு டிஜிட்டல் நாணயம் ஈட்டும் தொழில், சரிந்ததுதான். புது வெளியீடு அல்ல. 2022 செப்டெம்பர் 15இல் எத்தீரியம் நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டபோது இலட்சக்கணக்கான 3060, 3070, 3080 கார்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. கையிருப்பு மிஞ்சினால் விலை விழும். பெயர் பழையதாவதால் மட்டும் விழாது.

அடுத்து, “புது சீரிஸ் வருது” என்றால் எந்தக் கார்ட் வருகிறது என்று கேளுங்கள். ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் நிறுவனமான என்விடியா வழக்கமாக உச்சிக் கார்டிலிருந்துதான் தொடங்கும். 4090 வந்தது 2022 ஒக்டோபரில். 4060 வந்தது 2023 ஜூனில். இடையில் எட்டு மாதம். 5090 2025 ஜனவரியிலும் 5060 மே மாதத்திலும் வந்தன. அப்போதும் நான்கு மாதம். 1,999 டொலர் கார்டின் அறிவிப்பு, 299 டொலர் கார்டின் விலையை அசைப்பதில்லை. உங்கள் தட்டுக்கான கார்ட் வெளியாகும் நாள்தான் உங்களுக்குக் கணக்கு.

அந்த நாளிலும் ஓடிப் போய் வாங்க வேண்டாம். வெளியான முதல் இரண்டு மூன்று மாதம் வரத்துக் குறைவாக இருக்கும்; அறிவித்த விலைக்குக் கிடைப்பது அரிது. 5070இன் அறிவித்த விலை 549 டொலர். 2025 மார்ச்சில் வந்தபோது அந்த விலைக்குக் கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர். ஆண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் அதே விலைக்குச் சாதாரணமாகக் கிடைத்தது. வரிசையின் நடுவயதிலும் ஒரு குறைப்பு வரலாம்: 2024 ஜனவரியில் 4070 சூப்பர் 599 டொலருக்கு வந்ததும் பழைய 4070 அதே 599இலிருந்து 549க்கு இறங்கியது. எங்கள் கணிப்பில், ஒரு கார்ட் வெளியாகி நான்காம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடைப்பட்ட காலமே வாங்கச் சரியான காலம். அதற்குப் பிறகு பொறுத்து வாங்குபவர் மிச்சம் பிடிப்பதை விட, பழைய கார்டோடு வீணாக்கும் மாதங்களே அதிகம்.

இந்த ஒழுங்கைக் குலைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் நண்பன் சொல்வதில் நியாயம் வருவது இங்கேதான். 2025 இறுதியிலிருந்து ஏஐ தரவு மையங்களின் தேவையால் மெமரி சில்லுகளின் விலை உலகம் முழுவதும் கடுமையாக ஏறியது. ரேம் குச்சி வாங்கப் போனவர்களுக்கு முதலில் சுட்டது. கிராபிக்ஸ் கார்டிலும் அதே மெமரி நிறுவனங்களின் சில்லுகள்தான் இருக்கின்றன. 16 ஜிபி கார்டுக்கு 8 ஜிபி கார்டின் இரு மடங்கு மெமரி வேண்டும் என்பதால் அடி முதலில் விழுவதும் அதற்கே. மெமரி விலை ஏறுமுகமாக இருக்கும் காலத்தில் நாலாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்ற கணக்கு எடுபடாது. தேவை இருந்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும்.

இனி ரூபா. நம் நாட்டில் கார்ட் விலையை வெளியீட்டு அட்டவணையை விடவும் டொலர்தான் ஆட்டிவைக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வருடம் எந்தப் புது வரிசை வந்தாலும் இங்கே எதுவும் மலிந்திருக்க முடியாது. ஒரு அளவுகோல் தருகிறோம். அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 299 டொலர் கார்ட் 89,700 ரூபா. 18 வீத வற் வரியைச் சேர்த்தால் 105,846. 349 டொலர் கார்ட் இதே கணக்கில் 123,546. அன்றைய டொலர் விலையைப் போட்டு இந்தத் தொகையைக் கண்டுபிடியுங்கள். கடை விலை அதைவிடப் பத்து வீதத்துக்குள் கூடியிருந்தால் நியாயமான விலை. இருபது வீதம் தாண்டினால் வேறு கடை பாருங்கள். டொலர் பத்து ரூபா ஏறினால் 299 டொலர் கார்டில் ஏறத்தாழ 3,500 ரூபா கூடும். டொலர் ஏறினால் விலைப்பட்டியல் அன்றே மாறும். இறங்கினால், பழைய விலைக்கு எடுத்த சரக்கு தீரும் வரை மாறாது. ஆகவே ரூபா பலப்படும்போது மட்டும் சில வாரம் பொறுப்பதில் பயன் உண்டு. இன்னொன்று: சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலைகள் மூடுவதால் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வரத்து மெலியும். அந்த நேரம் பேரம் படியாது.

உங்கள் இயந்திரத்துக்கு வருவோம். எச்310 போர்டில் கார்டை இணைக்கும் பாதை பிசிஐஇ 3.0 என்ற பழைய பதிப்பு. ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 மூன்றும் அந்தப் பாதையின் பதினாறு லேனில் (தடத்தில்) எட்டை மட்டுமே பாவிப்பவை. புதுப் போர்டில் இது தெரியாது, உங்கள் போர்டில் கார்டின் 8 ஜிபி மெமரி நிறைந்து வழியும் கேம்களில் தடுக்கி நிற்கும். பதினாறு லேனும் பாவிக்கும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, அல்லது பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி உங்களுக்கு ஏற்றவை. வீடியோ எடிட்டிங் அதிகம் என்றால் 3060இன் 12 ஜிபி கைகொடுக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு லேன் கார்ட்; இனாமாகத் தந்தாலும் அந்தப் போர்டுக்கு வேண்டாம். இன்டெல் ஆர்க் மலிவுதான், ஆனால் அதற்குப் பத்தாம் தலைமுறை புரொசெசருக்குக் கீழே ஆதரவில்லை; உங்களுடையது ஒன்பதாம் தலைமுறை.

1050 டிஐ 75 வாட்டில் ஓடுவது. பெரும்பாலானவற்றில் தனி மின்வயரே கிடையாது. 3060க்கு 170 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160 வாட், தவிர எட்டுப் பின் இணைப்பும் வேண்டும். உங்கள் பவர் சப்ளையில் அந்த வயர் இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெயருள்ள, 80 பிளஸ் என்ற மின்திறன் தர முத்திரையுள்ள 450 வாட் என்றால் சமாளிக்கும். கேஸோடு சும்மா வந்தது என்றால் முதலில் அதை மாற்றுங்கள். பழைய வகை மோலெக்ஸ் இணைப்பிலிருந்து எட்டுப் பின்னுக்கு மாற்றும் வயர் போட்டு ஓட்டினால் உருகுவது இணைப்பி மட்டுமாக இராது. பவர் சப்ளைக்குக் காசு போதாதென்றால் 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மின்வயர் இல்லாமலே ஓடும், வேகம் மட்டுமே அளவானது.

பாவித்ததை எடுப்பதாயின் பெயரை நம்ப வேண்டாம். 3060இல் 8 ஜிபி பதிப்பும் உண்டு. அதன் மெமரி பாதை 128 பிட், 12 ஜிபியினது 192. வேகத்தில் தெளிவாகக் குறைவு. லப்டொப் சில்லைக் கழற்றி டெஸ்க்டொப் பலகையில் ஒட்டிய ‘3060எம்’ கார்டுகளும் உலவுகின்றன. அவை சாதாரண டிரைவரை ஏற்காது. ஜிபியூ-இசட் என்ற மென்பொருளைத் திறந்து மெமரி அளவையும் பிட் அகலத்தையும் பாருங்கள். கார்டை முழுப் பளுவில் சோதிக்கும் ஃபர்மார்க்கைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். கோர் வெப்பத்துக்கும் ஹொட்ஸ்பொட் (சில்லின் ஆகச் சூடான புள்ளி) வெப்பத்துக்கும் இடையே 20 பாகைக்கு மேல் இடைவெளி விழுந்தால் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும். அது திருத்தக்கூடியது, விலையில் பேசலாம். திரையில் புள்ளியோ கோடோ தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்லடி, மருதமுனை, நிந்தவூர் போலக் கடலோரத்தில் ஓடிய கார்ட் என்றால் எச்டிஎம்ஐ துளைக்குள்ளும் பின்பக்கத் தகட்டிலும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உப்புக் காற்று உள்ளேயும் போயிருக்கும். மைனிங்கில் ஓடிய கார்டைவிட எங்களுக்கு இதுவே அதிகப் பயம். ஜிடிஎக்ஸ் 10 வரிசையை இனி எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். 2025 ஒக்டோபரோடு என்விடியா அதற்கான கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது. உங்கள் 1050 டிஐயையும் சீக்கிரம் விற்றுவிடுங்கள், ஆனால் புதியது கைக்கு வந்த பிறகு. 9400எஃப் புரொசெசரில் உள்ளக கிராபிக்ஸ் இல்லை. கார்டைக் கழற்றினால் திரை வராது.

கொழும்பு யூனிட்டி பிளாசா விலைக்கும் மட்டக்களப்பு, கல்முனை விலைக்கும் 5,000 ரூபாவுக்குள் வித்தியாசம் என்றால் இங்கேயே வாங்குங்கள். கார்ட் பழுதானால் கூரியரில் அனுப்பி, வாரக்கணக்கில் தொலைபேசியில் நிற்கும் வேலை கடைக்காரர் தலையில் போகும். கொழும்பிலிருந்து எடுப்பிப்பதென்றால் பெட்டி உடைப்பதை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். பட்டியலில் போட்டிருப்பது பெரும்பாலும் காசு விலை. வங்கிக் கார்டில் கட்டினால் சில வீதம் கூட்டுவார்கள், முன்கூட்டியே கேளுங்கள். வொரன்டி எத்தனை வருடம் என்பதோடு, எது சேராது என்பதையும் கேளுங்கள்: எரிந்த அடையாளம், துரு, இடிமின்னல் மூன்றையும் அநேக கடைகள் விலக்குகின்றன, ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று சிறு எழுத்தில் போடும் கடைகளும் உண்டு. பில்லில் கார்டின் முழுப் பெயர், மெமரி அளவு, தொடரிலக்கம் மூன்றும் இருக்க வேண்டும். இவை இல்லாத பில்லோடு போனால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்தாலும் நீங்கள் காட்டுவதற்கு ஆதாரம் இராது.