பல்லு, தவழல், கொழுக்கட்டை: முதல் வருசக் கேள்விகள்

31 வருசம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில குடும்பநல மருத்துவமாதா வேலை செய்து ஓய்வு எடுத்திட்டன். ஒழுங்கை ஒழுங்கையாச் சைக்கிள் மிதிச்ச ஆள். முதல் வருசத்தைப் பற்றிக் கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன். மருந்துப் பேர் கேட்க வேண்டாம், அது டொக்டரின்ர வேலை. வீட்டில வோக்கர் (பிள்ளையை உள்ள விட்டு உருட்டுற சில்லு வண்டி) இருக்கிறவை முதல்ல அதைப் பரணில ஏத்திப்போட்டு வாங்கோ.

கோண்டாவில் அம்மா: அன்ரி, மகனுக்கு 10 மாசம். தவழேல்லை, இருந்தபடியே அரக்கி அரக்கிப் போறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை 8 மாசத்திலேயே பிடிச்சு நடக்குது. மாமி ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிக் காட்டுறா.

மாமிக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. உலக சுகாதார நிறுவனம் 5 நாட்டுப் பிள்ளையளைப் பார்த்து 2006இல ஒரு அளவு வெளியிட்டது. தனிய இருக்கிறது ஏறத்தாழ 4 மாசத்திலயிருந்து 9 மாசத்துக்குள்ள. கையும் முழங்காலும் ஊண்டித் தவழுறது 5 தொடங்கி 13½ வரைக்கும். பிடிக்காமல் நடக்கிறது 8 தொடங்கி 17½ வரைக்கும். எவ்வளவு அகலம் எண்டு பாருங்கோ. அதில 100க்கு 4 பிள்ளையள் மட்டில தவழாமலே எழும்பி நடந்திட்டுதுகள்.

நான் வீட்டுக்குப் போனால் மாசத்தைக் கேக்க முதல் பிள்ளையைப் பாயில விட்டுப்போட்டுச் சும்மா இருந்து பார்ப்பன். இரண்டு கையையும் ஒரேமாதிரிப் பாவிக்குதோ? பேர் சொன்னால் திரும்புதோ? கீழ கிடக்கிற சோத்துப் பருக்கையை இரண்டு விரலால பொறுக்கப் பாக்குதோ? இதெல்லாம் இருந்தால் அரக்கினால் என்ன, உருண்டால் என்ன. ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால், அல்லது போன மாசம் செய்ததை இந்த மாசம் விட்டிட்டால், கிளினிக் நாள் வருமட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அண்டைக்கே கொண்டு போங்கோ.

எங்கட ஆக்களுக்கும் இது தெரியும். பிள்ளையின்ர வளர்ச்சியைப் பருவம் பருவமாப் பாடுற பிள்ளைத்தமிழ்ல 5ஆம் மாசம் செங்கீரை (தலையை நிமிர்த்தி ஆடுறது), 9ஆம் மாசம் சப்பாணி (கை கொட்டுறது), வருகைப் பருவம் (நடந்து வாறது) 13ஆம் மாசம். 9 மாசத்தில கை கொட்டுறதைத்தான் கிளினிக்கிலயும் பாக்கிறம். 'நடந்து வா' எண்டு பாடினதே பிறந்தநாள் கழிஞ்ச பிறகுதான். 8 மாசத்தில நடத்தச்சொல்லி ஒரு புலவரும் அவசரப்படேல்லை.

டோகாவிலயிருந்து ஒரு அப்பா: அக்கா, மகளுக்கு 7 கிழமை. அம்மம்மாவைப் பாத்துச் சிரிக்கிறாவாம். நான் வீடியோவில கூப்பிட்டால் சிரிக்கிறா இல்லை.

தம்பி, கோவிக்காதேங்கோ. பிறந்த புதுசில பிள்ளைக்கு வடிவாத் தெரியிறது ஒரு சாண் தூரம், அதுக்குக் கொஞ்சம் கூட. மடியில கிடந்து தாயின்ர முகம் பாக்கிற தூரம் அது. அங்கால எல்லாம் மங்கல். 6 கிழமை, 8 கிழமையிலதான் ஆளைப் பாத்துச் சிரிக்கத் தொடங்கும். போனில நீங்கள் ஒரு சின்ன வெளிச்சம், அவ்வளவுதான். ஆனால் குரல் பழகும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில ஒரே சொல்லைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. 8, 9 மாசத்தில லீவில வந்தால் உங்களைக் கண்டு வீரிட்டு அழுவா. அதுவும் வளர்ச்சிதான். ஒரு நாள் தள்ளி நிண்டுபோட்டு பேந்து தூக்குங்கோ.

சுன்னாகம் அம்மா: மாமியார் வசம்பைத் தேன்ல உரைச்சு நாக்கில வைக்கிறா. பிள்ளைக்கு 3 மாசம்.

நிப்பாட்டுங்கோ. 1 வயசுக்கு முதல் தேன் ஒரு துளியும் வேண்டாம். அதில இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிள்ளையின்ர குடலுக்குள்ள நஞ்சைப் பிறப்பிக்கும், பிள்ளை துவண்டு போகும். 6 மாசம் முடியுமட்டும் தாய்ப்பால்தான், தண்ணியும் தேவையில்லை. வசம்பைக் கையில கட்டவும் வேண்டாம், எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

மானிப்பாய் அம்மா: 34 கிழமையில பிறந்தவன். இப்ப 8 மாசம், இன்னும் தனிய இருக்கிறான் இல்லை.

6 கிழமை முந்திப் பிறந்தவன். அந்த 6 கிழமையைக் கழியுங்கோ, ஆள் ஆறரை மாசக்காரன். 2 வயசு மட்டும் இப்படித்தான் எண்ண வேணும். ஆனால் ஊசியைப் பிறந்த திகதிப்படி போடுங்கோ, அதைக் கழிக்கிறேல்லை.

அளவெட்டி அப்பா: மகளுக்கு 11 மாசம், நடக்கிறா இல்லை. வோக்கர் வாங்கினால் கெதியா நடப்பாவோ?

மாட்டா. வோக்கரில பிள்ளை நுனிக்கால்ல உந்தும். தன்ர காலைத் தான் பாக்காது, விழப்போறன் எண்ட பயமும் பழகாது. எங்கட வீடுகள்ல விறாந்தைக்கும் முத்தத்துக்கும் நடுவில இரண்டு மூண்டு படி. அங்கால கிணறு. சில்லில போற பிள்ளையை எட்டிப் பிடிக்கிறதுக்குள்ள அலுவல் முடிஞ்சிடும். நெற்றி வெடிச்ச பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடின தாய்மாரை நான் கண்டனான். கனடாவில 2004இலயே விக்கத் தடை போட்டிட்டினம். பழைய நடைவண்டியெண்டால் பிள்ளை தானே எழும்பிப் பிடிச்ச பிறகு குடுக்கலாம், நீங்கள் பக்கத்தில நிண்டால்.

ரொறன்ரோ அம்மா: மகனுக்குக் கீழ இரண்டு பல்லு வந்திட்டுது! முதல் பல்லுக்குக் கொட்டுற பல்லுக்கொழுக்கட்டை எப்படிச் செய்யிறது?

அரிசிமா, உள்ளுக்கு அவிச்ச பயறும் தேங்காய்ப்பூவும் சக்கரையும். பிறை மாதிரி மடிச்சு, விளிம்பில தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரிக் குத்துங்கோ. பிள்ளையை இருத்தி, தலைக்கு மேல வெள்ளைத்துணி பிடிச்சு, ஆறின கொழுக்கட்டையை அதில கொட்டுங்கோ. ஆறினது எண்டதை இரண்டு தரம் வாசியுங்கோ.

கரவெட்டியிலயிருந்து ஒருவர்: பயறு தப்பு. வடமராட்சியில வெறும் தேங்காய்ப்பூவும் சீனியும்தான்.

உங்கட வீட்டில அப்படி இருக்கும் ஐயா.

வேலணை அம்மம்மா: துணியும் இல்லை, ஒண்டும் இல்லை. நாங்கள் நேர தலையிலதான் போட்டனாங்கள். ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லை.

அம்மா, அந்தக் காலத்துத் தலையளுக்கு என்ன பலம் எண்டு எனக்குத் தெரியாது. துணி பிடியுங்கோ.

கரவெட்டிக்காரர் திரும்ப: பிள்ளை எதைத் தொட்டால் என்ன ஆவான் எண்டு பாக்க முன்னுக்கு என்ன வைக்கிறது எண்டு சொல்லேல்லையே. புத்தகம், பேனை, நகை, காசு...

இதைத்தான் சொல்ல வந்தனான். போன மாசம் ஒரு வீட்டில ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளையின்ர மடியில முட்டத் தள்ளி வைச்சுப்போட்டுப் பேனையை ஒரு முழம் தள்ளி வைச்சினம். பிள்ளை இரண்டையும் விட்டுப்போட்டுத் தட்டத்தைப் பிடிச்சுக் கவிட்டுது. 'பாத்திரக்கடை வைப்பான்' எண்டு தாத்தா சொல்ல, தாய் அழுகை.

இணுவில் தம்பி: அன்ரி, அக்காவின்ர பிள்ளைக்கு மேல்பல்லு முதல் வந்திருக்கு. மாமனுக்கு ஆகாதாம். நான்தான் மாமன். ஒரே மாமன்.

கீழ்ப்பல்லு முந்துறதுதான் வழமை, சில பிள்ளையளுக்கு மேல முந்தும். ஒரு வயசு மட்டும் பல்லே வராத பிள்ளையளும் இருக்குதுகள். உங்களுக்குக் கொழுக்கட்டைச் செலவைத் தவிர ஒரு ஆபத்தும் இல்லை.

உரும்பிராய் அம்மா: பல்லு வாறதால வயித்தோட்டமும் 102 காய்ச்சலும்.

பல்லு அப்படிக் காய்ச்சல் தராது. பல்லில பழியைப் போட்டுப்போட்டு இருக்காமல் இப்பவே டொக்டரிட்ட போங்கோ. பால் குடுக்கிறதை நிப்பாட்டக் கூடாது.

நல்லூர் அம்மா: 12 மாசம், நடக்கேல்லை.

மேல வாசியுங்கோ.

சங்கானை அம்மா: போனில எல்லாம் பதியிறன். பிள்ளையின்ர நிறையும் ஊசியும் எழுதுற கிளினிக் கொப்பி தேவையோ?

தேவை. 9 மாசத்தில எம்.எம்.ஆர். ஊசி (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு), 12இல ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, எல்லாம் அதிலதான் எழுதுவினம். பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்கயும் கேப்பினம்.

ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்லுறன். 1995 ஐப்பசியில, யுத்தத்தால வந்த இடப்பெயர்வில வலிகாமம் முழுக்க ஒரு இரவில தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருசம் சனம் திரும்பி வந்த பிறகு ஒரு தாய் கொப்பி கொண்டு வந்தா. மழையில ஊறிக் காய்ஞ்சு அப்பளம் மாதிரி இருந்துது. நிறை எழுதுற கட்டங்கள் அரை வருசத்துக்கு வெறுமை. பக்கத்துக் கரையில நீலப்பேனையால தானே எழுதியிருந்தா: 'கொடிகாமம், வகுப்பறை, முதல் பல்லு.' அதுக்குக் கீழ: 'வாங்கைப் பிடிச்சு நிண்டான்.' நான் நிறையைப் போட்டன், அவ எழுதினதில கை வைக்கேல்லை.

கொக்குவில் அப்பா: 10 மாசம். வோக்கர்...

பரண்.

இணுவில் தம்பி திரும்ப: அன்ரி, மாமன் எத்தினை கொழுக்கட்டை போட வேணும்? 3ஆ, 5ஆ? இஞ்ச சண்டை நடக்குது.

எத்தினை எண்டாலும் போடுங்கோ தம்பி. கொட்டி முடிஞ்ச உடனை தேங்காய்ச் சொட்டெல்லாத்தையும் பாயிலயிருந்து பொறுக்கிப் போடுங்கோ. இரண்டு பல்லோட அதைக் கடிக்க ஏலாது, தொண்டையில இறுகும். பொறுக்கிறது மாமன்ர வேலை எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்கோ.