கினி-பிசாவில் ஆட்சி கவிழ்ந்தது, முந்திரிக் கொட்டைக்கு முன்பணம் அனுப்பலாமா?

கேள்வி: காடாம்புலியூர் பக்கம் சின்ன முந்திரி கம்பெனி வைத்திருக்கிறேன். உள்ளூர்க் கொட்டை தீர்ந்ததும் ஆப்பிரிக்கக் கொட்டையை நம்பித்தான் ஓட்டுகிறேன். ‘கினி-பிசாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது, இந்த வருஷம் பிசாவ் கொட்டை வருவதே சந்தேகம், விலை எகிறப்போகிறது, 30 சதவீதம் முன்பணம் போட்டு இரண்டு கன்டெய்னரை இப்போதே பிடித்துவிடுங்கள்’ என்கிறார் தரகர். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். பிசாவ் கொட்டையே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. முன்பணம்தான் வேண்டாம்.

தரகர் சொன்ன செய்தி உண்மை. 2025 நவம்பர் 23 அன்று அந்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டில் தேர்தல் நடந்தது. முடிவு வெளியாகவிருந்த நாளுக்கு முதல் நாள், 26ஆம் தேதி, ராணுவம் அதிபர் எம்பாலோவை இறக்கியது. மறுநாளே ஒரு ஜெனரல் இடைக்கால அதிபராகப் பதவியேற்றார். ஆனால் அந்த நாட்டுக்கு இது புதிதில்லை. 1980, 1999, 2003, 2012 என்று வரிசையாக ஆட்சி கவிழ்ந்திருக்கிறது. 2009இல் அதிபரையே சுட்டுக் கொன்றார்கள். இத்தனைக்கும் நடுவில் முந்திரி வந்துகொண்டுதான் இருந்தது. காரணம் எளிது. அந்த நாட்டு ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் முந்திரிக் கொட்டைதான். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க அந்தக் காசு வேண்டும்.

அப்படியென்றால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஆட்சி கவிழ்ந்த மாதம் எது என்று பாருங்கள். அங்கே கொட்டை விழுவது ஏறக்குறைய மார்ச்சில் தொடங்கி ஜூன் வரை. இந்த முறை கவிழ்ந்தது நவம்பரில், பருவத்துக்கு வெளியே. 2012இல் ராணுவம் இறங்கியது ஏப்ரல் 12, பருவத்தின் நட்டநடுவில். அந்த மாதிரி நேரத்தில் வங்கிகள் கதவைச் சாத்தினால் வியாபாரி கையில் ரொக்கம் இருக்காது. ரொக்கம் இல்லாமல் கிராமத்துக் கொட்டை லாரி ஏறாது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கொட்டையும் விழுகிறது, ஆனால் குடிசை ஓரத்தில் குவிந்து கிடக்கும். ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். மண் சாலைகள் சேறாகும். பிசாவ் துறைமுகமோ வண்டல் மேடிட்ட சின்னத் துறைமுகம். நல்ல காலத்திலேயே நெரிசல்.

உங்கள் நஷ்டம் நடப்பது இங்கேதான். ஈரம் ஏறினால் அவுட்டர்ன், அதாவது ஒரு மூட்டைக் கொட்டையில் கிடைக்கும் பருப்பின் அளவு, விழும். நல்ல பிசாவ் கொட்டை 80 கிலோ மூட்டைக்கு 52 பவுண்டு பருப்பு தரும் என்று வையுங்கள். மழையில் தங்கி வந்து 48 ஆகிவிட்டால் மூட்டைக்கு 1.8 கிலோ போச்சு. 200 மூட்டைக்குக் கணக்குப் போட்டால் 360 கிலோவுக்கு மேல் பருப்பு காணாமல் போகிறது. விலை ஏறுமா என்று பயப்படுகிற நேரத்தில் பலரும் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

விலை விஷயத்துக்கு வருவோம். ‘கலவரம் வந்தால் விலை ஏறும்’ என்பது, உலகச் சரக்கில் பெரும்பங்கைக் கையில் வைத்திருக்கும் நாட்டுக்குத்தான் பொருந்தும். ஐவரி கோஸ்ட் கோகோ அப்படி. 2010 தேர்தலில் தோற்ற அதிபர் பாக்போ இறங்க மறுத்தார். வென்ற வட்டாரா 2011 ஜனவரியில், ‘கோகோ ஏற்றுமதியை நிறுத்துங்கள்’ என்று அறிவித்து எதிராளியின் வருமானத்தை அடைத்தார். மார்ச் தொடக்கத்தில் கோகோ விலை 32 ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனது. ஏப்ரல் 11 அன்று பாக்போ பிடிபட்டார். கிடங்குகளில் தேங்கிக் கிடந்த மூட்டைகள் வெளியே வரத் தொடங்கின, விலை சரிந்தது. உச்சியில் வாங்கிப் போட்டவர் கையைச் சுட்டுக்கொண்டார்.

பிசாவின் விளைச்சல் சுமார் 2 லட்சம் டன். உலக விளைச்சல் 40 லட்சம் டன்னுக்கு மேல். அங்கே குழப்பம் வந்தால் உலக விலை பெரிதாக அசையாது. விழுவது அந்த ஊர் விவசாயிக்குக் கிடைக்கும் விலைதான். அங்கே கொட்டையைக் கொடுத்து அரிசி வாங்குவது வழக்கம், சாதாரண வருஷத்தில் கிலோவுக்குக் கிலோ. வாங்க ஆள் வராத வருஷத்தில் அதே ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு மடங்கு கொட்டையை அளக்க வேண்டியதாகிவிடும். உங்கள் தரகருக்கு அந்தக் கதை தெரியாமல் இருக்காது. இன்னொன்று, அவர்கள் புழங்குவது யூரோவோடு கட்டிவைத்த சி.எஃப்.ஏ. ஃபிராங்க், ஆட்சி கவிழ்ந்தாலும் நாணயம் கவிழாது.

என்னைக் கேட்டால், துப்பாக்கியைவிட அரசு அறிவிக்கும் விலைதான் இந்தத் தொழிலை அதிகம் முடக்கியிருக்கிறது. 2018இல் பிசாவ் அதிபர், விவசாயிக்குக் கிலோவுக்கு 1,000 ஃபிராங்க் என்று அறிவித்தார். கட்டுபடியாகாது என்று வியாபாரிகள் ஒதுங்கினார்கள், கொள்முதல் படுத்தது. அதே ஆண்டு தான்சானியாவில் அதிபர் மகுஃபுலி, தனியார் கேட்ட விலை குறைவு என்று கோபப்பட்டு, கொட்டையை வாங்க ராணுவ லாரிகளையே அனுப்பினார். இரண்டுமே ஆட்சிக் கவிழ்ப்பு இல்லை. ஆகவே மார்ச், ஏப்ரலில் பிசாவ் அரசு அறிவிக்கும் கொள்முதல் விலையைக் கவனியுங்கள். ஐவரி கோஸ்ட் செய்தியையும் விடாதீர்கள்; 10 லட்சம் டன்னுக்கு மேல் முந்திரி விளையும் நாடு அது. அங்கே தும்மினால் நமக்குத்தான் ஜலதோஷம்.

சரி, என்ன செய்யலாம்? வங்கி வழியாக எல்.சி. (பத்திரங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறந்தோ, கப்பல் ஏறிய பத்திரம் வங்கிக்கு வந்த பிறகோ பணம் கொடுங்கள். தூத்துக்குடியில் இறங்கியபின் எடுக்கும் அவுட்டர்ன்தான் இறுதி, குறையும் ஒவ்வொரு பவுண்டுக்கும் இவ்வளவு கழிவு, இந்த எண்ணுக்குக் கீழே போனால் சரக்கே வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கடைசிக் கப்பல் தேதியை மழைக்கு முன்பாக வையுங்கள். ‘எதிர்பாராத சூழ்நிலை’ என்ற பகுதியை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். விலை ஏறியவுடன் சில விற்பனையாளர்கள் ஆட்சிக் கவிழ்ப்பைக் காரணம் காட்டிக் கைவிரித்துவிட்டு, அதே சரக்கை இன்னொருவருக்கு விற்பார்கள். ஆட்சி ஏற்கெனவே கவிழ்ந்த பிறகு போடுகிற ஒப்பந்தத்தில் அது ‘எதிர்பாராதது’ ஆகாது. அதையும் எழுத்தில் போடச் சொல்லுங்கள். வருஷத் தேவை முழுவதையும் மேற்கு ஆப்பிரிக்காவில் வைக்காமல் ஒரு பங்கைத் தான்சானியாவுக்கு ஒதுக்குங்கள். அங்கே அறுவடை அக்டோபர் வாக்கில் தொடங்குவதால், ஒரு பக்கம் மாட்டினாலும் அடுப்பு அணையாது.

தரகரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நீங்கள் சொல்லும் அந்தக் கொட்டை இப்போது எங்கே இருக்கிறது?’ புதுக் கொட்டை என்றால், பருவம் தொடங்கும் முன் அது இன்னும் மரத்தில் பூவாகத்தான் இருக்கும். பருவத்துக்கு முன்பே ‘ரெடி ஸ்டாக், உடனே ஏற்றலாம்’ என்றால் அது போன வருஷக் கொட்டை. மழைக்காலம் முழுக்கக் கிடங்கில் கிடந்தது. அறுத்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.