ரத்தம் வரும் ஈறைத் தேய்க்கலாமா?

கே: பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் கசிகிறது, வலி இல்லை. கிருமிதான் காரணம் என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை ஏன் விரட்டவில்லை? அந்த இடத்தைத் தேய்க்காமல் விடலாமா?

ப: விடவே கூடாது. எதிர்ப்புச் சக்தி வேலை செய்வதால்தான் அங்கே ரத்தக்குழாய்கள் விரிந்து, தொட்டாலே கசிகிறது.

நல்ல ஈறிலும் வெள்ளையணுக்கள் காவலுக்கு வந்துகொண்டே இருக்கும். பல்லை ஒட்டிய மெல்லிய திசு சுரக்கும் இன்டர்லியூக்கின்-8 என்ற புரதம் அவற்றை அழைக்கிறது. வாயில் வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இந்தச் சுரப்பைத் தூண்டுகின்றன. அதனால் மருந்துத் தண்ணீரால் வாயைத் துடைத்தெடுக்க நினைப்பது வீண்.

போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா கொஞ்சமாக இருந்தாலே தொல்லை. இன்டர்லியூக்கின்-8 சுரப்பை அது அடக்குகிறது. ஜிஞ்சிபெய்ன் என்ற நொதிகளால் காவல் புரதங்களை வெட்டுகிறது. ஆனால் அழற்சியை, அதாவது எதிர்ப்புச் சக்தி கிளப்பும் வீக்கத்தையும் சிவப்பையும், அணையவிடாது. அழற்சியில் கசியும் புரதம்தானே அதற்கு உணவு! பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் நம் அழற்சியேதான்.

மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் 45 பாகை சாய்த்து, தினம் இருவேளை 2 நிமிடம் தேயுங்கள். பல்லிடுக்குக்குத் தனி பிரஷ். 1965-இல் டென்மார்க்கில் மாணவர்கள் பல் தேய்ப்பதை நிறுத்தியபோது 10 முதல் 21 நாளில் ஈறு வீங்கியது; மீண்டும் தேய்த்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. இரண்டு வாரத்திலும் ரத்தம் நிற்காவிட்டால் காறை (கல்லாக இறுகிய பல் அழுக்கு) படிந்திருக்கலாம். அது பிரஷ்ஷுக்கு மசியாது. பல் மருத்துவரிடம் ஈறுப் பள்ளத்தை, அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கின் ஆழத்தை, அளக்கச் சொல்லுங்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் ஈறுக்கு அடியில் ஆழச் சுத்தம் தேவைப்படும். புகைப்பவர்களுக்கு நோய் முற்றினாலும் ரத்தம் குறைவாகவே வரும்.