கணினி கேள்வி – பதில்: டிஃப்ராக் செய்வதற்கு முன்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இயங்குகிறது. பொத்தானை அழுத்திவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்து, தேநீர் கலக்கிக் குடித்து முடித்த பிறகுதான் திரையில் ஏதாவது அசைகிறது. வட்டில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் வேலையைத் தினமும் செய்யுமாறு உறவினர் ஒருவர் கூறுகிறார். பழுதுபார்க்கும் கடையிலோ, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, இரண்டும் இருக்கட்டும். உங்கள் மடிக்கணினிக்குள் கோப்புகளைச் சேமித்து வைப்பது சுழலும் வன்தட்டா, சுழலாத எஸ்எஸ்டியா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட் பட்டியலில் ‘டிஃப்ராக்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘டிஃப்ராக்மெண்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்ற சாளரம் கிடைக்கும். அதைத் திறந்தால், ‘மீடியா டைப்’ என்ற தலைப்பின் கீழ் ‘ஹார்ட் டிஸ்க் டிரைவ்’ என்றோ ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்றோ எழுதியிருக்கும். ஒரு குவளைத் தேநீர் குடித்து முடிக்கும் அளவுக்குத் தாமதம் என்றால், ‘ஹார்ட் டிஸ்க் டிரைவ்’, அதாவது சுழலும் வன்தட்டாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

சுழலும் வன்தட்டில் நடப்பதை விளங்கிக்கொள்ளத் திருமண மண்டபத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஒன்று சாப்பிட வருகிறது. அடுத்தடுத்து எட்டு இலைகள் காலியாக இல்லை. மூவர் முன்வரிசையில், இருவர் தூணுக்குப் பின்னால், மற்ற மூவர் கை கழுவும் இடத்துக்கு அருகில் என்று பிரிந்து உட்காருகிறார்கள். அந்த ஒரு குடும்பத்துக்குச் சாம்பார் ஊற்றுவதற்குள் பரிமாறுபவர் மண்டபத்தையே சுற்றி வந்துவிடுகிறார். விண்டோஸும் கோப்புகளை வழக்கமாக 4 கிலோபைட் அளவுள்ள சிறு கட்டங்களில் எழுதுகிறது. அடுத்தடுத்த கட்டங்கள் காலியாக இல்லாதபோது, கிடைத்த இடங்களில் பிரித்து எழுதிவிடுகிறது. மடிக்கணினி வன்தட்டுகளில் பெரும்பாலானவை நிமிடத்திற்கு 5400 முறை சுழல்பவை, அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவினாடி ஆகும். படிக்கும் முனை உரிய தடத்திற்கு நகர்வதற்கும், வேண்டிய இடம் அதன் கீழே சுழன்று வருவதற்கும் சேர்த்துத் துண்டு ஒன்றுக்கு 15 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் துண்டுகளாகச் சிதறிய ஒரு கோப்புக்கு நடைக்கூலியே 15 வினாடி ஆகிவிடுகிறது. சிதறி உட்கார்ந்தவர்களை எழுப்பி ஒரே வரிசையில் உட்கார வைப்பதுதான் டிஃப்ராக்.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. எங்கே இருக்கும் துண்டையும் அது 0.1 மில்லிவினாடி அளவிலேயே எடுத்துக் கொடுத்துவிடும் என்பதால், துண்டுகளை அருகருகே கொண்டுவந்து வைப்பதால் கண்ணுக்குத் தெரியும் பயன் எதுவும் இல்லை. மேலும், அதன் நினைவகத்தில் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்ற வரம்பு உண்டு; தினமும் டிஃப்ராக் செய்வது அந்த வரம்பை வீணே கரைப்பதாகும். உங்கள் கணினியில் இருப்பது எஸ்எஸ்டியாக இருந்தாலும் ‘ஆப்டிமைஸ்’ பொத்தானை அழுத்திவிட்டோமே என்று கலங்க வேண்டாம். விண்டோஸ் 8 முதற்கொண்டு அந்தப் பொத்தான் எஸ்எஸ்டிக்கு வேறு வேலையைச் செய்கிறது: நீக்கப்பட்ட கோப்புகள் இருந்த இடங்கள் இனித் தேவையில்லை என்ற தகவலை எஸ்எஸ்டிக்கு அனுப்புகிறது. இதற்கு டிரிம் என்று பெயர்.

உங்களிடம் இருப்பது சுழலும் வன்தட்டுதான் என்றாலும் தினமும் டிஃப்ராக் தேவையில்லை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இந்த வேலை வாரம் ஒருமுறை தானாக நடக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அப்போது குறித்த நேரம் புதன்கிழமை அதிகாலை 1 மணி; இப்போதோ, கணினி சும்மா இருக்கும் வேளை பார்த்து நடக்கிறது. மின்னஞ்சலைப் பார்த்தவுடன் மூடியைச் சாத்திவிடும் பழக்கமுள்ளவர்களின் கணினிக்கு அந்தச் சும்மா இருக்கும் வேளை வாய்ப்பதே இல்லை. சாளரத்தில் துண்டாகியிருக்கும் அளவு 10 விழுக்காட்டிற்கு மேல் காட்டினால், ஓர் இரவு மின்னேற்றியைச் செருகி, கணினி உறங்கிவிடாதபடி அமைத்து, அதன் போக்கில் விட்டுவிடுங்கள். விண்டோஸ் 98 காலத்தில் நான் நள்ளிரவு வரை அந்த வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நடுவில் வேறொரு நிரல் வட்டில் ஏதேனும் எழுதிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும். அந்த அவதி இப்போது இல்லை.

ஆனால், என் அனுபவத்தில், வீட்டுக் கணினி ஆமையாவதற்குச் சிதறல் முதற்காரணமாக இருப்பது அரிது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். கணினியைத் தொடங்கிய முதல் பத்து நிமிடங்கள் ‘டிஸ்க்’ என்ற பத்தியில் 100 விழுக்காடு என்று சிவந்து நின்றால், பல நிரல்கள் ஒரே நேரத்தில் வன்தட்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அதே சாளரத்தில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பகுதிக்குச் சென்று, கணினி தொடங்கும்போதே கிளம்ப வேண்டிய அவசியமில்லாதவற்றை, எடுத்துக்காட்டாக என்றோ ஒருமுறை பயன்படுத்திய காணொளி அழைப்புச் செயலியை அல்லது அச்சுப்பொறியோடு வந்த உதவி நிரலை, ‘டிஸேபிள்’ செய்துவிடுங்கள். நிரல் நீங்கிவிடாது, நீங்கள் அழைக்கும்போது மட்டும் வரும். வைரஸ் தடுப்பு நிரலை மட்டும் தொடாதீர்கள்.

அடுத்ததாக இடத்தைக் காலியாக்குங்கள். எப்போதுமே துப்புரவு முதலில், டிஃப்ராக் பிறகு; வேண்டாத குப்பையை வரிசையாக அடுக்கி வைத்து யாருக்கு என்ன பயன்? ஓரளவு காலியிடம் இருந்தால்தான் துண்டுகளை எடுத்து மாற்றி வைக்கவும் முடியும். விண்டோஸ் எக்ஸ்பியின் டிஃப்ராக் நிரல் 15 விழுக்காடு காலியிடம் கேட்கும். ‘டிஸ்க் கிளீனப்’ நிரலைத் திறந்து, ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதை அழுத்தினால், பழைய விண்டோஸ் புதுப்பிப்புகள் பல கிகாபைட்டுகளை அடைத்துக்கொண்டிருப்பது தெரியவரும்.

ரெஜிஸ்ட்ரி மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் தேங்கும் பழைய பதிவுகள் பிடிக்கும் இடம் மிகச் சொற்பம். அவற்றை நீக்குவதால் வேகம் கூடுவதில்லை. தவறான பதிவு ஒன்று நீங்கிவிட்டாலோ, விண்டோஸே தொடங்காமல் போகலாம்.

இத்தனைக்குப் பிறகும் தேநீர் நேரம் குறையவில்லை என்றால், வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவதே உண்மையான மருத்துவம். உங்களுக்கு எட்டும் தூரத்தில் புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசா இருக்கிறது. எந்தக் கடையானாலும், பழைய வன்தட்டில் உள்ளதை அப்படியே படியெடுத்துத் தருவார்களா, பழையதைத் திருப்பிக் கொடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு, விலையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு செய்தி: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஆகவே, பணம் செலவழிப்பதற்கு முன், உங்கள் மடிக்கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பதையும் அந்தக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: துப்புரவு செய்கிறேன் என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்ததில், என் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கறிக்கைகளும் மகளின் பள்ளிச் சான்றிதழ் நகல்களும் போய்விட்டன. எங்கே தவறினேன்?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அநேகமாக ‘டவுன்லோட்ஸ்’ என்ற வரியில் தவறியிருப்பீர்கள். விண்டோஸ் அமைப்புகளில் தற்காலிகக் கோப்புகளை நீக்கும் பக்கத்தில், உண்மையான குப்பைகளோடு டவுன்லோட்ஸ் கோப்புறையும் ஒரு வரியாக நிற்கிறது. இணையத்திலிருந்து இறக்கியவை எல்லாம் தற்காலிகமானவை என்பது மென்பொருளாளரின் கணக்கு. நம் வீடுகளிலோ முக்கியமான ஆவணங்கள் அங்கேயேதான் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. இப்படி அழிந்தவை குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை. உங்கள் இயந்திரத்தில் இருப்பது சுழலும் வன்தட்டு என்றால், அதில் இனி எதையும் எழுதாமல், குறிப்பாக டிஃப்ராக் செய்யாமல், மீட்பு நிரல் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். டிஃப்ராக் செய்தால் காலியிடத்தின் மேல் வேறு துண்டுகள் வந்து உட்கார்ந்துவிடும். அதன் பின் மீட்பது மிகக் கடினம். எஸ்எஸ்டியில் டிரிம் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தால் நம்பிக்கை குறைவு. கணக்கறிக்கைகளை இபிஎஃப் இணையக் கணக்கிலிருந்தே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் மேசைக் கணினி பூசை அறையை ஒட்டி இருக்கிறது. எல்லாத் துப்புரவும் செய்தாகிவிட்டது. ஆனாலும், தொடங்கி அரை மணி நேரம் கழிந்ததும் மந்தமாகிவிடுகிறது. ஏன்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அரை மணி நேரம் கழித்து என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பது வெப்பத்தைக் காட்டிக் கொடுக்கிறது. சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியோடு கலந்து, குளிர்விக்கும் விசிறியின் இதழ்களிலும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளின் இடையிலும் கம்பளம் போலப் படிந்துவிடும். ஊதினால் போகாது, தூரிகையால் சுரண்ட வேண்டியிருக்கும். கணினியின் மூளையான பிராசஸர் ஓர் அளவுக்கு மேல் சூடானால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒருமுறை நான் திறந்த பெட்டியில் பல்லி முட்டைகள் இரண்டு இருந்தன. விசிறி சுழன்றுவிடாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தெடுங்கள், ஈரத்துணி கூடாது. கணினியையும் சாம்பிராணிக் கரண்டியிலிருந்து நான்கடி தள்ளி வையுங்கள்.

கேள்வி: டிஃப்ராக் ஓடும்போது வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வருகிறது, 10 விழுக்காட்டிலேயே நின்றுவிடுகிறது. தொடர்ந்து ஓட விடலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: உடனே நிறுத்துங்கள். படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் மீண்டும் மீண்டும் முயலும்போது எழும் சத்தம் அது. டிஃப்ராக் வன்தட்டு முழுவதையும் படித்து எழுதும் கடினமான வேலை. சாகக் கிடக்கும் வன்தட்டை அது சீக்கிரம் கொன்றுவிடும். படங்களையும் ஆவணங்களையும் இன்றே வெளி வட்டு ஒன்றுக்குப் படியெடுங்கள், முக்கியமானவை முதலில். பிறகு கணினியை அணைத்துவிட்டு, வன்தட்டை மாற்றுங்கள்.